ஹெட்லைட் போட்டால் சூட்டு முள் ஏறுகிறதா? மீட்டர், சார்ஜிங் கோளாறுகளை நீங்களே கண்டுபிடிக்க

ஐப்பசி மழை. திண்டிவனம் தாண்டிச் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தேன். வைப்பர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டிச் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்தது. பதறிப்போய் ஓரம்கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி இல்லை, கொதிக்கும் சத்தம் இல்லை, ரேடியேட்டர் விசிறிகூடச் சுற்றவில்லை. மறுபடி உள்ளே வந்து ஹெட்லைட்டை அணைத்தேன். முள் மெல்ல இறங்கியது. போட்டேன். ஏறியது.

ஹெட்லைட்டுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் என்ன உறவு என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் செல்ஃப் முக்கி முனகித்தான் எடுத்தது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார்கள், புதிது வாங்கினேன். பத்தே நாளில் அதுவும் முனகியது. டைனமோவைக் கழற்றிக் கார்பனும் (உள்ளே உரசும் பிரஷ்) ரெகுலேட்டரும் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) மாற்றினார்கள். அப்படியும் தீரவில்லை. உண்மையான காரணம் பேட்டரியிலும் இல்லை, டைனமோவிலும் இல்லை, மீட்டரிலும் இல்லை. அது எங்கே இருந்தது என்பதைத் தேடும் முறைதான் இந்தக் கட்டுரை. மூன்றும் வெவ்வேறு கோளாறுகள் என்று நினைத்து மூன்று முறை பணம் கொடுத்தவன் எழுதுவது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் ‘டைனமோ’ என்று சொல்வது இன்றைய கார்களில் ஆல்டர்னேட்டர். பழைய அம்பாசடர் காலத்தில் உண்மையிலேயே டைனமோதான் இருந்தது. பொருள் மாறியபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. கடையில் டைனமோ என்றே கேளுங்கள், யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

கையில் என்ன வேண்டும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. பத்தாம் நம்பர் ஸ்பேனர். உப்புத்தாள். ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சோதனை விளக்கு. இவ்வளவுதான்.

மோதிரம், இரும்புப் பட்டை வாட்ச், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் பிளஸ் முனையிலிருந்து பாடிக்கு மோதிரம் பாலம் போட்டால் ஒரே நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே அருகே பீடி, சிகரெட் கூடாது. இன்ஜின் ஓடும்போது துண்டு, துப்பட்டா, சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. மின் விசிறி உள்ள கார்களில் இன்ஜினை நிறுத்திய பிறகும் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

மல்டிமீட்டரில் நேர்மின் (DC) வோல்ட் பகுதியில் 20 என்ற இடத்துக்குத் திருகைத் திருப்பினால் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி வேலை முடியும். சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ட் பார்க்கப் போகாதீர்கள். அது பேட்டரியை நேரடியாக ஷார்ட் செய்வதற்குச் சமம். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் கிடையாது.

மின்சாரம் போகிற வழி, திரும்புகிற வழி

வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிதான் தொட்டி. ஆல்டர்னேட்டர், தொட்டியை நிரப்பும் மோட்டார். வண்டி ஓடும்போது விளக்கு, வைப்பர், ஏசி விசிறி எல்லாவற்றுக்கும் மோட்டாரிலிருந்தே நேராகத் தண்ணீர் போகிறது. மிச்சம் தொட்டியில் நிரம்புகிறது. மோட்டார் பழுதானால் தொட்டியில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

இந்த உவமை ஓரிடத்தில் காலை வாரிவிடும். தண்ணீர் குழாயிலிருந்து வாளியில் விழுந்தால் கதை முடிந்தது. மின்சாரம் அப்படி இல்லை. போனது அத்தனையும் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். காரில் திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி பெரும்பாலும் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பும் இன்ஜினும்தான் வழி. இதைத்தான் எர்த் என்கிறோம். இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் இடையே பின்னல் கம்பியோ கனத்த ஒயரோ ஒன்று இருக்கும். எண்ணெயும் சேறும் படிந்த மூலையில், யார் கண்ணிலும் படாமல் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரை ஓரத்தில் நிற்கும் வண்டிகளில் இன்னும் வேகமாக.

பிளஸ் பக்கத்தை எல்லோரும் பார்க்கிறோம். திரும்பும் வழியைப் பார்ப்பவர்கள் குறைவு.

முதல் நான்கு அளவுகள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது எண் வரும்போது முதலாவது மறந்துவிடும்.

ஒன்று: இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடாமல் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளவெடுங்கள். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி. இப்படிக் காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற சோதனைகளில் இறங்காதீர்கள். சார்ஜருக்கு அனுப்பி நிரப்பிவிட்டுத் தொடருங்கள்.

இரண்டு: மீட்டரை அப்படியே பிடித்திருக்க, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. நிறைந்த பேட்டரியே 9.6க்குக் கீழே சரிந்தால் அதன் உள்ளே சக்தி இல்லை. 10.5க்கு மேல் நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் முனகுகிறது என்றால் கவனியுங்கள்: பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. என் வண்டி இந்த ரகம். அன்று மீட்டர் கையில் இருந்திருந்தால் புது பேட்டரிச் செலவு மிஞ்சியிருக்கும்.

மூன்று: இன்ஜின் ஓடுகிறது, விளக்குகள் அணைந்திருக்கின்றன. 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 12.5இல் தேங்கி நின்றால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதும் பல்புகள் அடிக்கடி போவதும் இதே கோளாறின் அறிகுறிகள்.

நான்கு: ஹெட்லைட், ஏசி விசிறி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து அதே இடத்தில் மறுபடி அளவு. 13.5க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

பிஎஸ் 6 (புதிய புகை விதிகளின்படி வந்த) வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. புதிய கார்கள் பலவற்றில் எப்போது எவ்வளவு சார்ஜ் செய்வது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் 12.5க்கு இறக்கும், பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். ஒரே ஒரு அளவை வைத்து அந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

முனை சுத்தம், பெல்ட், பேட்டரி விளக்கு

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் கொதிநீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்துக் கரையும். பேட்டரியின் தண்ணீர் மூடிகள் இறுக மூடியிருக்கட்டும், சோடா உள்ளே இறங்கக் கூடாது. கிளாம்பைக் கழற்றி உள்வட்டத்தையும் ஈய முனையையும் பளபளப்பு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். மாட்டிய கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் இறுக்கம் போதாது. கிளாம்ப் தளர்ந்திருக்கிறது என்று உள்ளே தகரத் துண்டு செருகுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. தகரம் துருப்பிடிக்கும், ஒரு மாதத்தில் பழைய நிலைதான். புதுக் கிளாம்பே மாட்டிவிடுங்கள்.

பெல்ட்டை இன்ஜின் நின்றிருக்கும்போது நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும். உட்புறம் கண்ணாடி போல மின்னினால் வழுக்கிக்கொண்டிருக்கிறது. மழை நாளில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி, சற்று நேரத்தில் அடங்கும் பெல்ட்டை அலட்சியம் செய்யாதீர்கள். தானே இழுவை சரிசெய்துகொள்ளும் பெல்ட் என்றால் அமுக்கிப் பார்க்கும் வேலை இல்லை, விரிசல் மட்டும் பாருங்கள்.

இனி டாஷ்போர்டில் உள்ள பேட்டரிப் பட விளக்கு. புதியவர்கள் இது எரிந்தால் மட்டுமே கவலைப்படுகிறார்கள். எரியாவிட்டாலும் கவலைப்பட வேண்டும். சாவியை ஆன் செய்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது அது கட்டாயம் எரிய வேண்டும். பழைய வகைக் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் விழித்தெழத் தேவையான முதல் மின்சாரமே இந்தக் குட்டி பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் விளக்கும் எரியாது, சார்ஜும் ஏறாது. எச்சரிக்க வேண்டிய விளக்கே வாயடைத்துப்போய்விடும். பல்பு நன்றாக இருந்தும் எரியாவிட்டால் ஃபியூஸ், ஆல்டர்னேட்டருக்குப் போகும் மெல்லிய ஒயர், உள்ளே தேய்ந்த கார்பன் என்று அந்த வரிசையில் பாருங்கள். டாஷ்போர்டு மீட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் ஒரே ஃபியூஸ் கொடுத்திருக்கும் கார்களும் உண்டு. முள் எல்லாம் படுத்துவிட்டு, கூடவே சார்ஜும் நின்றால் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறக்க வேண்டியது அதனால்தான்.

ஸ்டார்ட் ஆன பிறகும் பளிச்சென்று எரிந்தால் சார்ஜ் ஆகவில்லை. மங்கலாக மினுக்கினால், ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது சாவி வழியாக வரும் ஒயரில் எங்கோ தடை. சாவியை எடுத்த பிறகும் மங்கலாக எரிந்தால் டையோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியின் பேட்டரி இரவோடு இரவாகக் காலியாகும். நின்று பல மணி நேரம் ஆன வண்டியில் ஆல்டர்னேட்டர் மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றாலும் இதே சந்தேகம்தான்.

எர்த்தைப் பிடிக்கும் சோதனை

என் குற்றவாளி அகப்பட்டது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நல்ல கம்பியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்ட வேண்டும். ஏனென்றால் அது ஒரே கம்பி. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வோல்ட் வித்தியாசம் இருக்கக் கூடாது. வித்தியாசம் காட்டினால் அந்தக் கம்பி தன் பங்குக்கு வோல்ட்டைத் தின்கிறது. ஆனால் மின்சாரம் ஓடும்போதுதான் தின்னும். சும்மா நிற்கும் வண்டியில், கம்பியில் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரின் பீப் ஒலியை வைத்துப் பார்த்தால் பத்து இழையில் ஒன்பது அறுந்த கம்பிகூட நல்ல பிள்ளையாகப் பீப் அடிக்கும். ஆகவே இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி விசிறி எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பிளஸ் வழி: சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் கனத்த ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈய முனையில். கிளாம்பின் மேல் வைக்காதீர்கள், ஈயத்திலேயே குத்துங்கள். கிளாம்புக்கும் ஈயத்துக்கும் நடுவிலும் கோளாறு இருக்கலாம். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் பாஸ்.

மைனஸ் வழி: ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயத்தில், மற்றதை ஆல்டர்னேட்டரின் வெறும் அலுமினிய உடம்பில். பெயின்ட், எண்ணெய்ப் படலம் இல்லாத இடமாகச் சுரண்டிப் பிடியுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் பொருட்படுத்த வேண்டாம். 0.2க்குள் இருக்க வேண்டும். அதன்பின் பேட்டரி மைனஸிலிருந்து பாடியின் ஒரு நல்ல போல்ட்டுக்கும் இதே அளவு.

என் வண்டியில் ஆல்டர்னேட்டர் தன் உடம்போடு ஒப்பிட்டால் 14.2 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. பேட்டரியில் பார்த்தால் 13.2. பிளஸ் வழியில் 0.1 போயிருந்தது. மைனஸ் வழியில் 0.9. கணக்கு நேராகிவிட்டது. அந்த வண்டியில் பேட்டரி மைனஸ் பாடியில் பிணைக்கப்பட்டு, பாடியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு பின்னல் கம்பி போகும். அந்தக் கம்பியின் போல்ட்டைக் கழற்றியபோது அடியில் இருந்தது உலோகம் இல்லை, பழுப்பு நிறத் தூள். பின்னலை மடக்கினேன், இழைகள் காய்ந்த வைக்கோல் போல உதிர்ந்தன.

ஹெட்லைட் புதிரும் அப்போதுதான் விடுபட்டது. சூட்டைக் காட்டும் சென்சார் இன்ஜினில் திருகப்பட்டு இன்ஜின் வழியாக எர்த் ஆகிறது. டாஷ்போர்டு மீட்டரோ பாடியில் எர்த் ஆகிறது. கம்பி இற்றுப்போனதால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வோல்ட் இடைவெளி. ஹெட்லைட் போடும்போது ஆல்டர்னேட்டர் அதிக மின்சாரம் தர வேண்டியிருக்கிறது. அந்த மின்சாரம் இற்ற கம்பி வழியாகத் திரும்பும்போது இடைவெளி கூடுகிறது. மீட்டருக்கு அது சூடு கூடியது போலத் தெரிகிறது. அதே இடைவெளிதான் பேட்டரியை நிரம்பவிடாமல் தடுத்தது. செல்ஃப் முனகியதும் அதனால்தான், செல்ஃபும் இன்ஜின் வழியாகத்தானே எர்த்.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. ஹெட்லைட் போட்டதும் சூட்டு முள் மட்டும் ஏறி, பெட்ரோல் முள் அசையாமல் இருந்தால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலான எர்த்தைச் சந்தேகியுங்கள். பெட்ரோல் டேங்கின் மிதவை பாடியில்தான் எர்த் ஆகிறது. இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடினால் டாஷ்போர்டின் பின்னால் மீட்டருக்குப் போகும் எர்த் ஒயர். இதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை, தனியாக ஒரு கனத்த பேட்டரிக் கேபிளை (ஜம்பர் கேபிள்) எடுத்து மைனஸ் முனையிலிருந்து நேராக இன்ஜின் உடம்புக்குத் தற்காலிகமாகப் பிடிப்பதுதான். முள் இறங்கி, செல்ஃப் துள்ளிச் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது.

ஆல்டர்னேட்டரே குற்றவாளி என்றால்

வழிகள் இரண்டும் சுத்தம், பெல்ட் இறுக்கம், விளக்கும் ஒழுங்காக எரிகிறது, அப்படியும் ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலேயே 13 வோல்ட்டைத் தாண்டவில்லையா? அப்போது கழற்றலாம். வயதான வண்டிகளில் அதிகம் தேய்வது கார்பன் என்று நாம் சொல்லும் பிரஷ். பலவற்றில் ரெகுலேட்டரும் கார்பனும் ஒரே துண்டாக வரும், மாற்றுவது எளிது. “முழு செட் மாற்றிவிடலாம் சார்” என்று கடைக்காரர் தொடங்கினால், பழைய கார்பன் எவ்வளவு நீளம் மிச்சம் என்று கையில் வாங்கிப் பாருங்கள்.

டையோடு சோதனைக்கு மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்குத் திருப்பி, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வைக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு சரியில்லை. ஆனால் மலிவு மீட்டர்களில் ஒரு கூத்து உண்டு. நேர்மின் வோல்ட்டையே ஏசி என்று எடுத்துக்கொண்டு இருமடங்கு போல 28, 30 என்று காட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டும் அதே மாதிரி எண் வந்தால் கோளாறு உங்கள் மீட்டரின் கோளாறு, காரின் கோளாறு இல்லை.

பழைய கைகள் சொல்லித்தரும் ஒரு சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்: இன்ஜின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்பது. அந்தக் கணத்தில் வோல்ட் எகிறும். டையோடும் இன்ஜின் கணினியும் ரேடியோவும் சேர்ந்து போகலாம். முழுக்கக் காலியான பேட்டரியை, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து ஆல்டர்னேட்டரை வைத்தே நிரப்புவதும் அதற்குத் தண்டனைதான்.

முள் தனியாகப் பொய் சொன்னால்

பெட்ரோல் முள்: டேங்குக்குள் மிதவை ஒன்று ஏறி இறங்கி, தேய்ப்பான் ஒன்றைத் தடைப்பட்டையின் மேல் நகர்த்துகிறது. வருடக்கணக்காகக் கால் டேங்கிலேயே வண்டி ஓட்டினால் பட்டை அந்த இடத்திலேயே தேய்ந்துபோகும். சோதனை: டேங்கில் உள்ள சென்சாரின் ஒயரைக் கழற்றி, ஒரு சின்ன 3 வாட் பல்பு வழியாகப் பாடியில் தொடுங்கள், சாவி ஆனில். முள் ஒரு பக்கம் நகர்ந்தால் மீட்டரும் ஒயரும் நலம், மிதவையோ அதன் எர்த்தோ கோளாறு. எந்தப் பக்கம் நகரும் என்பது காருக்குக் கார் மாறும். பழைய முட்கள் சோம்பேறிகள், சில நொடி காத்திருங்கள். பெட்ரோல் பம்பும் டேங்குக்குள்ளேயே இருக்கும் கார்களில் ஒரே இணைப்பில் நான்கைந்து ஒயர் வரும். எது எது என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்க்காமல் தொடாதீர்கள். டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு பல்பு, பொறி, மீட்டர் எதுவும் அருகில் கூடாது.

சூட்டு முள்: சென்சார் சூடாகச் சூடாக அதன் தடை குறையும். கழற்றி, வெந்நீர் டம்ளரில் அதன் முனையை நனைத்து ஓம் அளவு பாருங்கள்; தண்ணீர் ஆற ஆற எண் சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தால் சென்சார் போய்விட்டது. ஒரே இன்ஜினில் இரண்டு சென்சார்கள் இருக்கலாம். ஒற்றை ஒயர் உள்ளது பெரும்பாலும் மீட்டருக்கு, இரட்டை ஒயர் உள்ளது கணினிக்கு. மீட்டருக்காகத் தவறானதை மாற்றிவிட்டு விழிப்பவர்களை ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் அடிக்கடி பார்க்கலாம்.

முள் எப்போதும் கீழேயே கிடந்தால் சென்சாரை வாங்குமுன், உங்கள் மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றி எறிந்துவிட்டாரா என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று எடுத்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இன்ஜின் உண்மையிலேயே சூடாகாமல் ஓடுகிறது, பெட்ரோல் குடிக்கிறது. முள் பாவம் உண்மையைத்தான் சொல்கிறது.

இதன் எதிர்ப்பக்கம் ஆபத்தானது. ரேடியேட்டர் தண்ணீர் முழுக்கக் கசிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிக் காட்டும். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் மகிழ வேண்டாம், நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

எல்லா முட்களும் ஒன்றாக ஏறி இறங்கினால், பழைய கார்களில் மீட்டரின் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். 1960களின் நடுவிலிருந்து வந்த பிரிட்டிஷ் கார்களில் அது சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும் சின்னத் தகரப் பெட்டி. ஆன், ஆஃப் என்று மாறி மாறித் துடித்தே அந்தச் சராசரியைத் தரும் என்பதால் மல்டிமீட்டரில் எண் நிலைக்காது. அதற்கும் எர்த் வேண்டும். எர்த் விட்டால் 12 வோல்ட்டும் அப்படியே போய் எல்லா முள்ளும் கூடுதலாகக் காட்டும்.

வேக முள் நடுங்கினால் பழைய கேபிள் வகையில் கிரீஸ் காய்ந்திருக்கும். ஆயில் விளக்கு விஷயத்தில் மட்டும், அது எரிந்தால் மீட்டர் கோளாறு என்று முடிவுகட்டி ஓட்டாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஆயில் அளவு பார்த்து, அழுத்தத்தைத் தனி மீட்டர் போட்டு அளந்து உறுதி செய்த பிறகுதான் ஆயில் அழுத்தச் சுவிட்சைக் குறை சொல்லலாம்.

திரை வைத்த புதிய கார்களில் மேலே சொன்ன ‘ஒயரைப் பாடியில் தொடு’ வித்தைகள் எதுவும் வேண்டாம். சோதனை விளக்கும் வேண்டாம். சென்சார் கணினிக்குச் சொல்கிறது, கணினி முள்ளுக்குச் சொல்கிறது. ஓபிடி ஸ்கேனரை (கார் கணினியைப் படிக்கும் கருவி) மாட்டி, கணினி பார்க்கும் சூடு எத்தனை டிகிரி, வோல்ட் எத்தனை என்று படித்தால் போதும். பேட்டரி, எர்த் சோதனைகள் மட்டும் அங்கேயும் அப்படியே செல்லும்.

இரவில் யார் குடிக்கிறார்கள்

சார்ஜ் எல்லாம் சரி, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி என்றால் ஏதோ கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் அவ்வளவுதான். கணினிகள் தூங்க அரை மணி நேரம்வரை ஆகலாம். அதன்பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். வண்டி வாங்கிய பிறகு மாட்டிய மியூசிக் சிஸ்டம், அணையாத டிக்கி விளக்கு, எலி கடித்த ஒயர் ஆகியவைதான் வழக்கமான திருடர்கள்.

நடுவழியில் பேட்டரி விளக்கு எரிந்தால்

ஏசி, மியூசிக், தேவையில்லாத விளக்குகளை அணையுங்கள். பகலாக இருந்தால் நல்ல பேட்டரி ஒரு மணி நேரம்போலத் தாங்கலாம்; இரவு மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் அதை நம்பாதீர்கள். இன்ஜினை அணைக்காமல் வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்துப் போய்ச் சேருங்கள், அணைத்தால் மறுபடி எடுக்காமல் போகலாம். ஆனால் கூடவே சூட்டு முள் உண்மையாக ஏறினாலோ ஸ்டியரிங் கனத்தாலோ பெல்ட் அறுந்திருக்கிறது. பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. உடனே நிறுத்த வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். “பேட்டரி நிற்கவில்லை” என்று சொல்வதற்கும், “செல்ஃப் அடிக்கும்போது 10.8, ஓடும்போது 13.2, இன்ஜின் எர்த்தில் 0.9 விழுகிறது” என்று சொல்வதற்கும் அவர் முகத்தில் வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்தது. பேசாமல் உள்ளே போய்ப் புதிய பின்னல் கம்பி ஒன்றை எடுத்துவந்தார். துருவைச் சுரண்டி மாட்ட கால் மணி நேரம் ஆனது. கம்பியின் விலை, நான் மாற்றிய பேட்டரியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அன்றிரவே ஹெட்லைட், வைப்பர், விசிறி எல்லாம் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சூட்டு முள் பாதியில் ஆணி அடித்தது போல நின்றது. பெட்ரோல் முள் மட்டும் இன்றும் கால் டேங்க் வந்ததும் ஒரு நிமிடம் செத்துப்போய் மறுபடி உயிர்த்தெழும். மிதவைப் பட்டை தேய்ந்திருக்கிறது என்று தெரியும். டேங்கை இறக்கச் சோம்பல்பட்டு, ட்ரிப் மீட்டரைப் பார்த்து 300 கிலோமீட்டர் ஆனதும் பங்குக்குள் திருப்பிவிடுகிறேன்.